முந்தைய பழுதுபார்ப்பு

பழைய சுவரை எடுத்தவுடன் தொடமாட்டேன்.
எதிர்ச்சாரியில் நின்று
ஒரு காப்பி முடியும்வரை பார்ப்பேன்.
எந்த ஜன்னல் மூட மறுக்கிறது,
எந்தக் கதவின் அடியை யாரோ இழைத்திருக்கிறார்கள்,
எந்த மாடியில் குழந்தைகளின் கோலிக்குண்டு
எப்போதும் ஒரே மூலைக்கு ஓடுகிறது
என்று குடியிருப்பவர்களிடம் கேட்பேன்.
கணக்கெல்லாம் அதற்குப் பிறகுதான்.

லிஸ்பனில், ஆற்றை ஒட்டிய தாழ்ந்த தெருக்களில்,
சுவருக்குள் மரக்கூண்டு இருக்கும்.
நகரம் ஒருமுறை குலுங்கி விழுந்தது.
மறுபடி கட்டியவர்கள் பயந்து வைத்தது அது:
நிலைச்சட்டம், படுக்கைச்சட்டம்,
நடுவே பெருக்கல் குறியாய் இரண்டு சாய்சட்டம்,
இடுக்கெல்லாம் கல்லும் சுண்ணாம்பும்.
காரை உதிர்ந்தால்தான் கண்ணுக்குத் தெரியும்.
"கூண்டு இருக்கிறதா?" என்பார் கொத்தனார் வெனான்சியு.
"இருக்கிறது, பறவையைத்தான் காணோம்" என்பேன்.
முப்பத்தொரு வருடம்
அதே பதிலுக்குச் சிரித்தார், பாவம்.

விரிசலுக்குக் குறுக்கே
விரல் நீளக் கண்ணாடிப் பட்டை ஒட்டுவோம்.
பக்கத்தில் பென்சிலால் தேதி.
உடைந்தால் சுவர் நகர்கிறது.
உடையாவிட்டால்,
இதற்கா இவ்வளவு பணம் என்பார்கள்.
என் வேலை சரியாக நடந்த வீடுகளில்
ஒன்றுமே நடக்கவில்லை.
ரொட்டிக்கடையின் கூரை கூரையாகவே இருந்தது.
மூன்றாம் மாடியில் யாரோ பியானோ வாங்கினார்கள்.

போன மார்ச்சில்
கீழே பொத்தான் கடை உள்ள நாலடுக்கு வீடு.
புது உரிமையாளர் ஓட்டலாக்கப் போகிறார்.
இரண்டாம் மாடியில் காரையைத் தட்டி எடுத்தோம்.
சாய்சட்டத்தை யாரோ ரம்பத்தால் அறுத்து
கான்கிரீட் உத்திரம் செருகியிருந்தார்கள்.
சிமெண்ட் ஈரத்தைப் பிடித்து வைத்திருந்ததில்
மரம் தேன்கேக் மாதிரி விரலுக்கு உதிர்ந்தது.
"முந்தைய பழுதுபார்ப்பின் கவனக்குறைவு"
என்று அறிக்கையில் எழுதினேன்.
நாங்கள் எல்லோரும் அப்படித்தான் எழுதுவோம்.
முந்தையவருக்கு முகம் கிடையாது,
திருப்பிப் பேசவும் மாட்டார்.

பிறகு நகராட்சிக் கிடங்கிலிருந்து வரைபடம் வந்தது.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பது.
இடுப்பில் கோடு போட்ட ஏழுகள்.
கையெழுத்தைப் பார்க்குமுன்பே
அந்த ஏழுகளைத் தெரிந்துவிட்டது.
பல் மருத்துவருக்கு லிஃப்ட் வேண்டியிருந்தது.
எனக்கு இருபத்தாறு வயது.
சிமெண்ட் எதையும் குணமாக்கும் என்று
ஊரே நம்பிய காலம் என்று எழுதலாம்.
எழுதினேன்.
அடித்தேன்.
"கவனக்குறைவு" என்ற சொல்லுக்கு முன்னால்
அர்மிந்தா ஃப்ரகோசு, பொறியாளர்
என்று முழுப்பெயரைச் சேர்த்தேன்.

வழக்கறிஞர் கூப்பிட்டார்.
"இந்த ஆள் இன்னும் உயிரோடு இருக்கிறாரா?"
அப்போது நான் என் கணவரின் பெயரில் இருந்தேன்.
"இருக்கிறார்" என்றேன்.
"காலையில் உங்கள் அலுவலகத்தில்தான்
இரண்டு சர்க்கரை போட்டுக் காப்பி குடித்தார்."
வெகுநேரம் தொலைபேசியில்
அவருடைய நாற்காலி கிரீச்சிடுவது மட்டும் கேட்டது.

அறுந்த இடத்தில் புது பைன் சட்டம் இணைத்தோம்.
பழசோடு பொருந்த நிறம் ஏற்றவா என்றான் தச்சன்.
வேண்டாம், இருக்கட்டும் வெளுப்பாக.
கூலி வாங்கவில்லை.
பெருந்தன்மை என்று நினைத்துவிடவேண்டாம்,
வழக்கறிஞர் வேறு விதமாகச் சொன்னார்.

அந்த வேலையோடு அலுவலகத்தைப் பூட்டினேன்.
ஆனாலும் செவ்வாய்தோறும் டிராம் ஏறி
அங்கே போகிறேன்.
கடையின் பின்சுவரில் ஒரு கண்ணாடிப் பட்டை இருக்கிறது.
முழுசாகத்தான் இருக்கிறது.
கடைக்காரி என்னை வாடிக்கையாளர் என்று நினைக்கிறாள்.
எப்படிச் சொல்வது என்று தெரியாமல்
இதுவரை பதினோரு பொத்தான் வாங்கிவிட்டேன்,
ஒன்றுக்கொன்று பொருந்தாதவை.